டப்பாவில் இல்லாத நிறம்

அப்பாவை ரங்கநாதன் தெருவில் வைத்து அடித்தார்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், பகல் பன்னிரண்டு மணி. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது என்று எல்லார் செல்போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்த வாரம் அது. அம்மாவுக்கு ரவிக்கைத் துணி வாங்கப் போனவர், கடை வாசலில் ஒரு பெண் குழந்தை தனியாக நின்று அழுவதைப் பார்த்தார். குனிந்து அதன் கையைப் பிடித்து, அம்மா எங்கே என்று கேட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அப்பா ஆறடிக்கு மேல் உயரம். எழுபது வயது. அட்டக்கருப்பு, அதன்மேல் வெள்ளை வெளேரென்று சுருட்டை முடி. கயானாவில் பிறந்தவர். அந்த நாடு தென்னமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருந்தாலும் பேச்சிலும் சாப்பாட்டிலும் கரீபியன் தீவுகளோடுதான் உறவு. அவருடைய அப்பா வழி, கரும்பு வெட்டுவதற்காக மதராஸ் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்ட தமிழர்கள். அம்மா வழி, அதற்கும் முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுபோகப்பட்டவர்கள். இருபது வயதில் கிண்டியில் இன்ஜினியரிங் படிக்க வந்தவர், மயிலாப்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். தமிழை விடுதிச் சமையல்காரர்களிடமும் சைதாப்பேட்டை ரிக்‌ஷாக்காரர்களிடமும் கற்றுக்கொண்டார். நான் பேசுவதைவிட அசல் மெட்ராஸ் தமிழ் அவருடையது.

அந்தத் தமிழ்தான் அன்றைக்கு அவருக்கு எமனாக வந்தது. "இன்னா கண்ணு, அம்மா எங்க கீறாங்க?" என்று அவர் கேட்டதும் பக்கத்தில் நின்ற ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். "பாரு, தமிழ் கத்துக்கினு வந்து புள்ள புடிக்கிறான்" என்று அவன் சொல்வது கூட்டத்தில் ஒருவன் எடுத்த வீடியோவில் தெளிவாகக் கேட்கும். வீடியோ எடுத்தவனுக்குக் கை நடுங்கவே இல்லை. முதல் அடி காதோடு சேர்த்து விழுகிறது. அப்பா கையைத் தூக்கி ஏதோ விளக்கப் பார்க்கிறார். தூக்கிய கையை இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு அப்பா முகம் தெரியாது, முதுகுகள்தான் தெரியும். கடையில் சட்டை தொங்கவிடும் மரச்சட்டத்தால் ஒருவன் அடிக்கிறான். இன்னொருவன் பாவம், அவனுக்கு இடம் கிடைக்கவில்லை, எக்கி எக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் செருப்பைக் கழற்றி எறிகிறான்.

தர்ம அடி என்று நம் ஊரில் சொல்வோம். பேப்பரில் கூட அப்படித்தான் போடுவார்கள். நானே எத்தனையோ முறை காபி குடித்துக்கொண்டே அந்தச் செய்திகளைப் படித்து, நன்றாக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இடது புருவம் எலும்பு தெரியக் கிழிந்து, முன்பல் இரண்டு போய், வலது மணிக்கட்டு முறிந்து, அப்பா அந்தத் தெருவில் உட்கார்ந்திருந்தபோது குழந்தையின் அம்மா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு போலீஸ் வந்து அவரை முதலில் ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிப்போனார்கள், ஆஸ்பத்திரிக்கு அதற்கப்புறம்.

நான் அடையாறில் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் யாரோ ஒரு தம்பதியை வரைந்துகொண்டிருந்தேன். போன் வந்ததும் தூரிகையைக் கூடக் கழுவாமல் ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். ஒரு பையன் போனை உயர்த்திப் பிடித்து அவர் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நான் போனைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். அவன் குனிந்தபோது அவன் முகத்தில் குத்தினேன். இரண்டு நர்சுகள் சேர்ந்துதான் என்னை இழுக்க முடிந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா எனக்காகவே அந்தப் பழமொழியை மாற்றிச் சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அவன் உதட்டிலிருந்து ரத்தம் வந்ததைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பிய பிறகு அப்பா வெளியே போகவில்லை. தினமும் விடியற்காலையில் மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி நடந்து, லஸ் முனையில் காபி குடித்துவிட்டு, நாலு ஆட்டோக்காரர்களோடு அரசியல் சண்டை போட்டுவிட்டு வருகிற மனுஷன். இப்போது பால் பாக்கெட் எடுக்கக்கூட வாசல் கதவைத் திறப்பதில்லை. காலிங்பெல் அடித்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். இரண்டு மாதம் அப்படியே கழிந்தது. கேஸ் என்னாச்சு என்று ஸ்டேஷனில் கேட்டால், தவறான புரிதல் என்று முடித்துவிடலாமே என்றார்கள். எனக்கு அவரை அடித்த பதினாலு பேரையும் தெரியும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணியிருக்கிறேன். அவர்களை என்ன செய்வேன் என்று படுக்கையில் கிடந்து நினைத்ததை எல்லாம் எழுதினால் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார்கள்.

என்னை யாரும் தெருவில் நிறுத்தியதில்லை. நான் அம்மா நிறம். முடி மட்டும்தான் அப்பா. அதையும் பதினைந்து வயதிலிருந்து சூடுகாட்டி நேராக்கி வருகிறேன். ஆறாம் வகுப்பில் பள்ளி வாசலில் நின்ற அப்பாவைக் காட்டி, அது யாருடி என்று ஒருத்தி கேட்டாள். டிரைவர் என்றேன். அவர் காதில் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் அவர் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். இதுவரை அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

ஒருநாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா என்னைத் தன் படத்தை வரையச் சொன்னார். எங்கள் வீட்டு ஹாலில் அம்மா வழி ஆட்கள் எல்லாரும் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருப்பார்கள். நடுவில் பெரிதாக அம்மாவின் அப்பா. பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்ற அன்று, பித்தளைச் சொம்பை அப்பா மேல் வீசியெறிந்தவர். அந்தத் தழும்பு அப்பாவின் முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. அந்தச் சுவரைக் காட்டித்தான் அப்பா சொன்னார்.

"எங்க ஆளுங்க ஒருத்தர் மூஞ்சியும் படத்துல கெடையாது. போட்டோ புடிக்க எவன் வந்தான் அங்க? எல்லாரும் இந்த மூஞ்சிலதான் கீறாங்க. இத்த வரைஞ்சு அங்க மாட்டு. அப்பால நான் வாசல தாண்டறேன்."

படத்தை மாட்டினால் வெளியே போவார். எனக்கு அது போதும். அடையாறிலிருந்து படத்தை நிறுத்தி வரைகிற ஈசல் ஸ்டாண்டையும் பெயிண்டையும் ஆட்டோவில் கொண்டுவந்து, ஹால் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினோரு நாள் அப்பா உட்கார்ந்தார். உட்காருவது சும்மா இல்லை, ஒவ்வொரு அங்கமாகத் தொட்டுக் காட்டிக் கதை சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டு குழந்தைக்குச் சொல்கிற கதைகள் இல்லை அவை.

தாடை அவருடைய அப்பா வழி முப்பாட்டனுடையது. கரும்பு வயலில் வெள்ளைக்காரக் கண்காணி ஒரு கர்ப்பிணியைச் சாட்டையால் அடித்தபோது, இவர் கரும்பு வெட்டும் கத்தியை வீசி அவன் காதைத் துண்டாக்கிவிட்டார். அதற்காக அவரை மரத்தில் கட்டி, தோல் உரிந்து தொங்கும்வரை அடித்தார்கள். காயத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். அவர் கத்தவில்லை, தாடையைக் கடித்துக்கொண்டு நின்றார். அதனால்தான் எங்கள் எல்லாருக்கும் தாடை இப்படி முன்னால் வந்துவிட்டது என்று சொல்லி அப்பா முன்பல் இல்லாத வாயால் சிரித்தார். நெற்றி அவருடைய அம்மா வழியில் ஓடிப்போன ஓர் அடிமையுடையது. காட்டில் நாய்களை விட்டு அவரைப் பிடித்தார்கள். மூக்கு அப்பாவின் தாய்மாமனுடையது. அகலமான, நன்றாக விரிந்த மூக்கு. கூலி கேட்டு ஆலை வாசலில் நின்ற கூட்டத்தைச் சுட்டபோது அவர்தான் முதலில் விழுந்தவர். அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. மாமாவின் மூக்கில் ஈ உட்கார்ந்ததும் யாரும் ஓட்டாததும் ஞாபகம் இருக்கிறது என்றார்.

நான் கேட்டுக்கொண்டே வரைந்தேன். கை தன்பாட்டுக்கு ஓடியது. அதுதான் நான் செய்த பிழை.

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்கும் திதிக்கும் போட்டோவைப் பார்த்துப் படம் வரைந்து கொடுப்பவள் நான். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் நான் வரைந்த தம்பதிகள் நூறு ஹால்களிலாவது தொங்குவார்கள். எல்லாரும் ஒன்றேதான் கேட்பார்கள், கொஞ்சம் கலர் கூட்டிக் கொடுங்கோ என்று. கேட்காதவர்களும் கூட்டிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். கருப்பே அழகு, காந்தலே ருசி என்பதெல்லாம் வாய்ப்பேச்சு; சுவரில் தொங்கும்போது எல்லாரும் கோதுமை நிறம்தான். அதனால் வெள்ளை, மஞ்சள் காவி, துளி சிவப்பு சேர்த்து மாதத்துக்கு ஒரு தடவை கலந்து, ஐஸ்க்ரீம் டப்பாவில் போட்டு, காயாமலிருக்க மேலே தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருப்பேன். யார் வந்தாலும் அந்த டப்பாதான் ஆரம்பம். கொஞ்சம் கருப்பான ஆள் என்றால் அதில் பழுப்பைச் சேர்த்துக் கீழே இறக்குவேன். இருபது வருடப் பழக்கம்.

அப்பாவுக்கும் அந்த டப்பாவைத்தான் திறந்திருக்கிறேன். திறந்ததே எனக்கு நினைவில்லை. மூக்கையும் அப்படித்தான், யாருக்கும் செய்வதைப் போல இரண்டு பக்கமும் லேசாக ஒடுக்கியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் படத்தைத் திருப்பிக் காட்டினேன். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். சட்டையின் மடிப்பு, முடியின் சுருள், கண்ணில் விழுந்த ஜன்னல் வெளிச்சம், எல்லாம் நன்றாக வந்திருந்தது. அப்பா கிட்டே வந்தார். அடிபடாத வலது கண்ணை மட்டும் வைத்து வெகுநேரம் பார்த்தார். அம்மா கூடத்துக்கு வந்து பின்னால் நின்றாள். அப்பா, காய்ந்த பெயிண்டைச் சுரண்ட நான் வைத்திருந்த கத்தியை எடுத்தார். நெற்றியில் குத்தி, தாடைவரை ஒரே இழுப்பாக இழுத்தார். ஜவுளிக்கடையில் துணி கிழிப்பார்களே, அந்தச் சத்தம்.

நான் அவர்மேல் பாய்ந்தேன். யோசிக்கவில்லை. கத்தி இருந்த கையைப் பிடித்து, பின்பக்கமாக முறுக்கினேன். அது வலது கை. கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து கட்டுப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. உள்ளே எலும்பு நெறுக்கென்றது எனக்குக் கையில் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒரு நொடி விடவில்லை. பதினோரு நாள் வேலை, என் வேலை, என்று மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. அந்த ஒரு நொடி அந்தப் பதினாலு பேருக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர்களுக்காவது அவர் யாரென்று தெரியாது.

அப்பா கத்தவில்லை. கத்தி கீழே விழுந்தது. தாடையைக் கடித்துக்கொண்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். அம்மா வந்து என் கன்னத்தில் அறைந்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் என்மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. என் மூக்குக்கண்ணாடி தெறித்துப் போய் ஈசலுக்கு அடியில் விழுந்தது.

"என்னை அடிச்சவனுங்ககூட என் கலர பாத்துதான் அடிச்சானுங்க" என்றார் அப்பா, மெதுவாக. "நீ அத்தக்கூட பாக்கல."

அப்போதுதான் கிழிந்து தொங்கிய முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூசிய மாதிரி ஒரு முகம். யாரோ ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர், வெயிலில் கொஞ்சம் கறுத்தவர். ஒடுங்கிய மூக்கு. தாய்மாமனை நான் இரண்டாம் முறை சுட்டிருந்தேன். குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அன்றே எலும்பு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. வீட்டுக்கு வர டாக்டருக்கு நேரமில்லை. அப்பா வாசல் தாண்ட மாட்டேன் என்றார், கடைசியில் அம்மா தெரிந்த இன்னொரு டாக்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். மறுபடியும் கட்டு. எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டபோது, வழுக்கி விழுந்துட்டேன் என்று அப்பா சொன்னார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் நான் கூடத்துக்கு வரவில்லை. நாலாம் நாள் அம்மா என் அறைக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சமாதானம் சொல்லத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

"அவர் நெறம் என்னன்னு நோக்குத் தெரியலையாடி?" என்றாள். "இருவது வருஷமா எவாளெவாளையோ பாத்து வரைஞ்சுண்டிருக்கே. பெத்த அப்பாவை ஒரு நாளாவது பாத்தியா?"

பிறகு அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். கன்னத்து மேட்டில் சிவப்பு உண்டு, ஊறவைத்த புளி மாதிரி. காதுக்குக் கீழே கத்திரிக்காய் நீலம். கழுத்து மடிப்பில்தான் அசல் கருப்பு. உள்ளங்கை ஓரத்தில் அது தேன் நிறமாக மாறும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். குளித்துவிட்டு வந்தால் தோளில் வெளிச்சம் வெள்ளையாக விழாது, நீலமாக விழும். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, ரசப்பொடிக்கு அளவு சொல்வதைப் போலச் சொன்னாள். நாற்பத்தைந்து வருடமாக அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டேன். எழுதும்போதே அழுதேன்.

டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். படம் வரைகிற புதுக் கித்தான் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்தேன். இந்த முறை தோலுக்கு வெள்ளையைத் தொடவே இல்லை. ஆழ்ந்த நீலம், ரத்தச் சிவப்பு, சுட்ட பழுப்பு, மூன்றையும் வைத்தே கருப்பைக் கட்டினேன். அப்பா உட்கார ஒப்புக்கொண்டார், ஆனால் இந்த முறை கதை சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு வரைவது, அடி வாங்குவதைவிடக் கஷ்டம். சில நாள் ஒரு மணிநேரத்தில் எழுந்து போய்விடுவேன். புருவத்துத் தையலை வரைந்தேன். உள்ளே விழுந்த மேலுதட்டை வரைந்தேன். மூக்கை அதன் அகலத்துக்கு விட்டேன், விட விட முகம் பெரிதாகிக்கொண்டே போனது, தாடை முன்னால் வந்தது. ஒருநாள் ஈசலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒரு கூட்டம் என்று எனக்குப் பயமாக இருந்தது. கித்தானில் இருந்த ஆட்கள் என்னை மன்னிக்கிற ஆட்களாகத் தெரியவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முடித்த அன்று நானாகக் காட்டவில்லை, அவரே எழுந்து வந்து பார்த்தார். அம்மா பின்னால் வந்து நின்றாள். நான் கத்தியை வேண்டுமென்றே அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தேன். அப்பா படத்தின் தாடையைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார், மூக்கில் விரலை வைத்துச் சற்று நேரம் நின்றார். ஈரமான பெயிண்ட் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு, சுவரில் எங்கே மாட்டலாம் என்று கேட்டார். அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, நடுவில் இருந்த தன் அப்பாவைக் கழற்றினாள். கழற்றிய படத்தை முகம் சுவரைப் பார்க்கிறமாதிரி கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அந்த ஆணியில்தான் அப்பா தொங்குகிறார்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை அப்பா சட்டை மாட்டிக்கொண்டு செருப்பைப் போட்டார். குளத்துப் பக்கம் போவார் என்று நினைத்தேன். தி.நகர் போகணும் என்றார். வாங்காமல் விட்ட ரவிக்கைத் துணி அப்படியே இருக்கிறதாம். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாமென்று சொல்லவில்லை. பையில் ஒன்றரை அடி இரும்பு ஸ்கேலை வைத்துக்கொண்டேன்.

ரங்கநாதன் தெருவில் எப்போதும் போலக் கூட்டம். எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகனை இடுப்போடு இழுத்து அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள். என் கை பைக்குள் போய்விட்டது. அப்பா திரும்பாமலே, "வுடு, பாக்கட்டும்" என்றார். அதே கடை வாசலில், அதே இடத்தில் நின்றார். நெஞ்சு நிமிர்த்தி, சுவரில் தொங்குகிற மாதிரியே நின்றார். உள்ளே போய்ச் சிவப்பில் ஒரு மீட்டர் கேட்டார். இரண்டு கலர் காட்டச் சொல்லி, கடைக்காரனோடு சண்டை போட்டு, பழைய அப்பாவாக வாங்கினார். நான் பைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தேன்.

திரும்பும்போது உஸ்மான் ரோட்டைக் கடக்க வேண்டும். பஸ்ஸும் பைக்கும் விடாமல் வந்துகொண்டிருந்தன. நான் அவருடைய வலது பக்கம் நின்றேன், அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக என் கையை நீட்டினேன். அப்பா துணிப் பையைக் கை மாற்றிக்கொண்டு, என்னைச் சுற்றி வந்து மறுபக்கம் நின்று, இடது கையைக் கொடுத்தார். சிரித்த முகமாகத்தான் கொடுத்தார். இப்போது தினமும் என்னோடு குளத்தைச் சுற்றி நடக்கிறார், ஊர்க்கதை பேசுகிறார், ஆட்டோக்காரர்களோடு சண்டை போடுகிறார். வலது கையை மட்டும் எனக்கு எட்டாத பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்.